காலைப் புகை கடலூருக்கு எங்கிருந்து வருகிறது?

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "பொங்கல் முடிந்ததிலிருந்து விடியற்காலையில் வீட்டைச் சுற்றிப் புகைமூட்டமாக இருக்கிறது. டிவியில் மலைக் காடுகள் எரிவதைக் காட்டுகிறார்கள். அந்தப் புகைதான் இங்கே வருகிறதா? ஒரு ஆப் 90 போட்டு 'திருப்தி' என்கிறது. இன்னொரு ஆப் 150-க்கு மேல் போட்டுச் சிவப்பு காட்டுகிறது. எட்டு வயது மகளுக்கு இளைப்பு (ஆஸ்துமா) உண்டு. எதை நம்புவது, என்ன செய்வது?"

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் காலையில் முகர்கிற புகை பெரும்பாலும் உங்கள் வீட்டிலிருந்து ஐந்து, பத்து, மிஞ்சினால் இருபது முப்பது கிலோமீட்டருக்குள், முந்தின நாள் சாயங்காலம் வைத்த தீயிலிருந்து வந்தது. மலைக்காட்டுத் தீக்கும் அதற்கும் தொடர்பு குறைவு. மகளுக்கு அந்தப் புகை நிச்சயம் ஆகாது. இரண்டு ஆப்களில் எதுவும் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டுமே நீங்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. அதனால் எண்ணைப் பார்ப்பதைவிட மணியையும் காற்றின் திசையையும் பார்க்கப் பழகுவது நல்லது. ஏன் என்று விளக்குகிறேன்.

காட்டுத்தீ விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். இந்திய வன ஆய்வு நிறுவனம் நவம்பரிலிருந்து ஜூன் வரை தீக்காலமாகக் கணக்கில் வைத்துக் கண்காணிக்கிறது. தமிழ்நாட்டில் பிப்ரவரி முதல் மே வரைதான் உக்கிரம். வடகிழக்குப் பருவமழைக்கு வளர்ந்த புல் காய்ந்து, இலையுதிர் காட்டில் சருகு குவியும் நேரம் அது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைச் சூழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்ததும் அப்படிக் காய்ந்த புல்லில் ஓடிய தீதான். ஆனால் குரங்கணியிலிருந்து கடலூர் நேர்கோட்டில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். பிப்ரவரி, மார்ச்சில் தரையை ஒட்டிய காற்று நம் பக்கத்தில் பொதுவாகக் கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வீசும். அந்தக் காற்றுக்கு மேற்கு மலைப் புகை கேரளப் பக்கம் போகுமே தவிர, நம்மை நோக்கி வராது. காற்று திரும்பி மேற்கிலிருந்து ஓங்கி அடிக்கிற ஜூனில் அந்த மலைகளில் மழை பிடித்துவிடும்.

நமக்குக் கிட்டத்தில் இருக்கிற கல்வராயன் மலையையும் ஜவ்வாது மலையையும் கேட்கலாம். அங்கேயும் வருடாவருடம் தீ உண்டுதான். ஆனால் அவையும் நூறு கிலோமீட்டரைத் தாண்டின தொலைவு. இரவில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிற காற்று மணிக்கு ஐந்து முதல் பத்து கிலோமீட்டர் வேகத்தில்தான் நகரும். சாயங்காலம் கிளம்பி விடியும்வரை ஓயாமல் நடந்தால்கூட நூறு கிலோமீட்டர் சேர்வது கடினம். வந்தாலும் வழியெல்லாம் விரிந்து, நீர்த்து, வாசனை போய்த்தான் வரும். மூக்கைத் துளைக்கிற புகை தூரத்துப் புகையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இந்த ஒரு அடையாளத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தூரத்துப் புகை என்று ஒன்று நமக்கு வருவதே இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. அது வேறு மாதிரி வரும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குக் காற்று கங்கைச் சமவெளியின் புகையையும் தூசியையும் வங்காள விரிகுடா வழியாகத் தெற்கே இறக்குகிறது. 1999-இல் ஜனவரி முதல் மார்ச் வரை பல நாட்டு விஞ்ஞானிகள் கப்பலும் விமானமும் வைத்து இந்தியப் பெருங்கடல் மேல் இதை அளந்தார்கள். இண்டோயெக்ஸ் என்று பெயர். நிலமே கண்ணுக்குத் தெரியாத நடுக்கடலின் மேலேகூடப் பழுப்பு நிற மூட்டம் படர்ந்திருந்ததைப் பதிவு செய்தார்கள். அதற்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவரான வீ. ராமநாதன், நம் மாவட்டத்துச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். உலகம் அறிந்த அந்த ஆராய்ச்சியாளர் படித்த ஊரின் பக்கத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

அந்த மூட்டம் வந்தால் எப்படித் தெரியும்? வாசனை இருக்காது. காலை, மதியம், சாயங்காலம் என்று பேதமில்லாமல் நாள் முழுக்க வானம் பால் கலந்தாற்போல வெளுத்திருக்கும். சில்வர் பீச்சில் நின்றால் கடலும் வானமும் சேருகிற கோடு தெரியாது. நுண்துகள் அளவு எல்லா ஊரிலும் ஒரே சமயத்தில் கொஞ்சம் ஏறி நிற்கும். இது நிஜமான மாசுதான், ஆனால் உங்கள் ஜன்னல் வழியே ஆறு மணிக்கு உள்ளே நுழைகிறது இது அல்ல.

சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தால், "ஹேஸ்" பற்றி அவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்தோனேசியாவின் கரிநிலக் காடுகள் (மட்கிய தாவரம் ஆழமாகப் படிந்த சதுப்புக் காடுகள்) எரியும்போது அங்கே ஊரே மறையும். 2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரின் காற்று மாசுக் குறியீடு 401-ஐத் தொட்டது. 2023 ஜூனில் கனடாவின் காட்டுப்புகை நியூயார்க் வானத்தை ஆரஞ்சு நிறமாக்கியது. அந்தப் படங்கள் மனதில் பதிந்துவிட்டதால் புகை என்றாலே எங்கேயோ எரிகிற பெருங்காடு என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. அங்கே பல நூறு கிலோமீட்டர் பரப்பு வாரக்கணக்கில் எரிகிறது, காற்றும் அங்கிருந்து ஊரை நோக்கியே அடிக்கிறது. நம் நிலைமை அது இல்லை.

சரி, நம்முடையது எது?

உங்கள் வீட்டுக்கு மேற்கே நெல்லிக்குப்பம், பண்ருட்டி வழியில் கரும்பு. புதுச்சேரி எல்லையைத் தாண்டினால் பாகூர், கரையாம்புத்தூர் பக்கமும் கரும்பும் நெல்லும். ஆலை ஓடுகிற மாதங்களில் கரும்பு வெட்டிப் போனபின் வயலில் ஏக்கருக்கு மூன்று, நான்கு டன் சோகை, அதாவது காய்ந்த கரும்பு இலை, கிடக்கும். வெட்டிய அடிக்கட்டையிலிருந்தே மறுபடி தழையும் கட்டைக் கரும்புக்கு விட வேண்டுமானால் அதை அகற்றியாக வேண்டும். ஆள் கூலி கட்டுப்படியாகாது. ஒரு தீக்குச்சியில் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். வெட்டுவதற்கு முன்பே கொளுத்துகிறவர்களும் உண்டு. சோகை போனால் வெட்டுக்கூலி ஆட்களுக்கு வேலை சுலபம், பாம்பு பயமும் இல்லை. தெற்கே சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் சம்பா அறுவடை முடிகிற நேரமும் இதுவே. இயந்திரம் அறுத்துவிட்டுப் போன தாள் பல இடங்களில் அப்படியே எரிக்கப்படுகிறது. இதோடு முந்திரித் தோப்புச் சருகு, சவுக்குத் தோப்பின் காய்ந்த ஊசியிலை, வாய்க்கால் ஓரத்துக் கோரை, ஒவ்வொரு தெருமுனையிலும் காலையில் பெருக்கிக் குவித்து வைக்கும் தீ, எல்லாம் சேர்கிறது. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை வறுக்கிற இடங்களின் புகை தனி ரகம். கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெய் எரிவதால் தொண்டையைப் பிடிக்கும்.

எரிவதில் இரண்டு விதம் இருக்கிறது, இதைக் கவனிக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த சோகை மதிய வெயிலில் தழலோடு எரிந்தால் புகை ஒப்பீட்டளவில் குறைவு, சூட்டில் அது விறுவிறுவென்று மேலே ஏறியும் போய்விடும். பனி இறங்கிய பிறகு, ஈரத்தோடு, தழல் இல்லாமல் கனன்று புகைகிற தீயோ ஒரு கிலோ சருகுக்குப் பல மடங்கு நுண்துகளைத் தள்ளும். அந்தப் புகைக்கு மேலே எழும்பச் சூடும் இருக்காது. நம் ஊர்ப்பக்கம் தீ வைப்பது பெரும்பாலும் வெயில் தாழ்ந்து, காற்று அடங்கி, தீ பக்கத்து வயலுக்குத் தாவாது என்ற தைரியம் வருகிற சாயங்கால நேரத்தில். விவசாயியின் கணக்கில் அது சரியான நேரம். சுவாசத்துக்கோ அதைவிட மோசமான நேரம் கிடையாது.

ஏனென்றால் அதற்குப் பிறகு இரவு வருகிறது. மழைக்காலம் முடிந்து மேகமில்லாத வானம் இருக்கும் இரவுகளில் தரை வேகமாகக் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகிக் கீழேயே படுத்துக்கொள்ளும். அதற்கு மேலே இருக்கும் காற்று கொஞ்சம் சூடாக, மூடி போட்ட பாத்திரத்தின் மூடி மாதிரி உட்கார்ந்துவிடும். பகலில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறிக் கலைந்து போகிற புகை, இப்போது தென்னை மரத்தைவிடச் சில மடங்கு உயரத்துக்குள் அடைபட்டுப் போகும். அதே சமயம் நிலக்காற்று மேற்கிலிருந்து மெல்லக் கடலை நோக்கி நகரும். அது நெல்லிக்குப்பத்து வயல்களின் புகையைக் கெடிலம் வழியே, பெண்ணையாறு வழியே, தாழ்வான இடம் பார்த்து ஊருக்குள் கொண்டுவந்து சேர்க்கும். விடியற்காலை நான்கு மணியிலிருந்து எட்டு மணி வரை இது உச்சத்தில் இருக்கும். ஒன்பது பத்து மணிக்கு வெயில் ஏறித் தரை சூடானதும் மூடி திறந்துகொள்ளும். முற்பகல் தாண்டிக் கடல் காற்று கிளம்பிவிட்டால் கரையோரத்தில் இருக்கும் நமக்கு விடுதலை. அந்தப் புகையை அது உள்நாட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போகும், அப்புறம் பண்ருட்டிக்காரர்கள் பாடு.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் இதோடு அப்படியே பொருந்துகின்றன. பொங்கலுக்குப் பிறகு, விடியற்காலையில், வீட்டைச் சுற்றித் தாழ்வாக, வாசனையோடு.

நெய்வேலியை இதில் சேர்க்க வேண்டாமா என்று கேட்பீர்கள். பழுப்பு நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையங்கள் 1962-லிருந்து அங்கே ஓடுகின்றன. கந்தக டை ஆக்சைடும் சாம்பலும் வருடம் முழுக்க வெளியேறுகின்றன. இந்த வட்டாரத்தின் பொதுவான மாசில் அதற்குப் பங்கு உண்டு, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உயரமான புகைபோக்கியிலிருந்து வருவது இரவில் அந்த மூடிக்கு மேலேயே போய்விடும், தரைக்கு இறங்குவது பெரும்பாலும் காலை வெயில் ஏறிய பிறகுதான். வருடம் முழுக்க ஓடுகிற ஒன்று, தையிலிருந்து பங்குனி வரை விடிகாலையில் மட்டும் உங்களைத் தொந்தரவு செய்வதற்குக் காரணமாக இருக்காது. அதே போல முதுநகர்ப் பக்கத்திலிருந்து சில இரவுகளில் அழுகின முட்டை மாதிரியோ பெயின்ட் மாதிரியோ வாடை வந்தால், கண்ணுக்கு மூட்டம் எதுவும் தெரியாவிட்டால், அது வாயு சம்பந்தப்பட்ட வேறு பிரச்சினை. துகள் அளக்கும் கருவியில் அது தெரியவே தெரியாது. அந்தப் புகாரை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தனியாக எழுத வேண்டும், புகையோடு சேர்த்துக் குழப்பினால் இரண்டும் நிற்காது.

குப்பைக் கிடங்குத் தீயைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மற்றப் புகைகளைவிட எனக்கு இதுதான் அதிகக் கவலை. கடலூருக்கும் சரி, குருமாம்பேட்டில் கொட்டும் புதுச்சேரிக்கும் சரி, பல வருடக் குப்பை மலையாகச் சேர்ந்திருந்தது ஊரறிந்த விஷயம். மக்காத குப்பையும் மக்கும் குப்பையும் கலந்து புதைந்தால் உள்ளே மீத்தேன் உருவாகும், சூடும் ஏறும். கோடையில் ஒரு பீடித்துண்டு போதும், சில சமயம் அதுகூட வேண்டாம். மேலே தண்ணீர் அடித்து அணைத்துவிட்டதாக நினைப்போம். உள்ளே சில மீட்டர் ஆழத்தில் அது நாட்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். பி.வி.சி. கலந்த பிளாஸ்டிக் இப்படிக் குறைந்த சூட்டில், போதிய காற்றில்லாமல் எரியும்போதுதான் டையாக்சின் போன்ற கொடிய நச்சுகள் உருவாகின்றன. சோகைப் புகையில் கண் கரிக்கும், மூச்சு இரைக்கும், ஆனால் அது பயிர் எரிந்த புகை. குப்பைப் புகையில் வருவது வேறு. இனிப்பும் காரமும் கலந்த, எரிந்த ஒயர் மாதிரி வாடை வந்தால் ஜன்னலை மூடுவதற்கு யோசிக்காதீர்கள்.

செயற்கைக்கோள் படத்தில் தீப்புள்ளி பார்த்துக் கண்டுபிடிக்கலாமே என்று நினைக்கலாம். நாசாவின் ஃபர்ம்ஸ் வரைபடம் இணையத்தில் இலவசம். காட்டுத்தீக்கு அது மிக நல்ல கருவி, நம் வனத்துறைக்கு எச்சரிக்கை போவதும் அதே செயற்கைக்கோள் தரவிலிருந்துதான். ஆனால் அதில் அதிகம் பயன்படும் சுவோமி என்பிபி, நோவா-20 செயற்கைக்கோள்கள் நம் தலைக்கு மேலே மதியம் 1:30 மணியை ஒட்டியும் இரவு 1:30 மணியை ஒட்டியும் கடக்கின்றன. ஒரு புள்ளிக்கு அவை பார்க்கும் சதுரம் 375 மீட்டர். நெல்லிக்குப்பம் பக்கம் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு ஏக்கர் சோகைக்குத் தீ வைத்து ஏழு மணிக்கு அது அடங்கிவிட்டால், இரண்டு முறையும் அதன் கண்ணில் அது படவே படாது. வரைபடத்தில் கடலூரைச் சுற்றி ஒன்றுமே இல்லாமல், கல்வராயன் மேல் மட்டும் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால், புகை அங்கிருந்துதான் வருகிறது என்று யாரும் நினைப்பார்கள். உங்களுக்கு வந்த சந்தேகமும் அப்படித்தான் வந்திருக்கும்.

இப்போது அந்த 90-க்கும் 150-க்கும் வருகிறேன். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளில் விடிகாலையை ஒட்டி ஆறு மணி நேரம் பி.எம். 2.5 எனும் (இரண்டரை மைக்ரானுக்கு மிகாத) நுண்துகள் ஒரு கன மீட்டரில் 150 மைக்ரோகிராம் இருந்தது, மீதி பதினெட்டு மணி நேரம் கடல் காற்றின் புண்ணியத்தில் 25 மட்டுமே என்று வையுங்கள். 24 மணி நேரச் சராசரி 56. இந்தியக் குறியீட்டில் 60 வரை "திருப்திகரம்" என்ற பச்சைக்குள் வரும், எண் 94 என்று காட்டும். அதே 56-ஐ அமெரிக்கக் குறியீட்டில் போட்டால் 150-ஐத் தாண்டி "உடல்நலத்துக்குக் கேடு" என்று சிவப்பு காட்டும். காற்று ஒன்றுதான், அளவுகோல்தான் வேறு. நம் நாட்டின் 24 மணி நேர வரம்பு 60 மைக்ரோகிராம், 2009-இல் வகுத்தது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் கொடுத்த வழிகாட்டு அளவு 15. இரண்டுக்கும் இடையில் நான்கு மடங்கு வித்தியாசம் இருக்கிறது. இளைப்புள்ள குழந்தையின் அம்மாவாக நீங்கள் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று கேட்டால், எனக்குச் சந்தேகமே இல்லை, குறைந்த அளவின் பக்கம்.

ஆனால் இதைவிடப் பெரிய விஷயம் அந்தச் சராசரியே. உங்கள் மகள் சுவாசிப்பது 24 மணி நேரச் சராசரியை அல்ல. காலை ஆறரைக்கு எழுந்து, ஏழேகாலுக்கு வேனுக்காகத் தெருவில் நிற்கிறாள் என்றால் அவள் நெஞ்சுக்குள் போவது 150. ஆகவே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் உங்களுக்கு அருகில் இருக்கும் நிலையத்தைத் திறந்து, குறியீட்டு எண்ணை விட்டுவிட்டு, மணிவாரியாகக் கொடுக்கும் பி.எம். 2.5 அளவைப் பாருங்கள். கடலூருக்குச் செம்மண்டலம் நிலையம், புதுச்சேரிக்கு ஜவஹர் நகர் நிலையம். காலை ஆறு மணி எண்ணையும் மதியம் இரண்டு மணி எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே நான் மேலே சொன்ன முழுக் கதையும் அதில் தெரியும்.

போனில் தானாக வருகிற வானிலை ஆப்களின் எண்ணுக்கு அவ்வளவு மதிப்புக் கொடுக்காதீர்கள். அவற்றில் பல, நிலையத்தில் அளந்ததைக் காட்டுவதில்லை. நாற்பது கிலோமீட்டர் அளவு பெரிய கட்டங்களாகப் பிரித்துக் கணினி போடும் மதிப்பீட்டைக் காட்டுகின்றன. கடலும் வயலும் ஊரும் ஒரே கட்டத்தில் விழுந்தால் உங்கள் தெருவின் புகை அதில் கரைந்துவிடும். சிலர் நான்காயிரம், ஐயாயிரம் கொடுத்துச் சின்ன லேசர் கருவி வாங்கி வைத்திருக்கிறார்கள். அது மோசமில்லை, ஆனால் நம் கடற்கரையில் விடிகாலை ஈரப்பதம் தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டும். ஈரத்தில் துகள் ஊதிப்போய் அந்தக் கருவி உண்மையைவிட அதிகமாகக் காட்டும். விறகு, சருகுப் புகையில் கிட்டத்தட்ட இரட்டிப்பாகக் காட்டுவதும் உண்டு. அதன் எண்ணைச் சத்தியமாக எடுத்துக்கொள்ளாமல், ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க மட்டும் வைத்துக்கொண்டால் நல்ல துணை. வெறும் மார்கழிப் பனி என்றால் வாசனையும் இருக்காது, கண்ணும் எரியாது. அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மகளுக்கு வருவோம். புகையின் நுண்துகள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைந்த அளவு. மூக்கு முடியிலும் சளியிலும் மாட்டாமல் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும். சாதாரணக் குழந்தைக்கு இருமலோடு போகிறது, இளைப்புள்ள குழந்தையின் மூச்சுக்குழாயோ ஏற்கெனவே வீங்கிச் சிவந்திருப்பதால் சட்டென்று சுருங்கிக்கொள்ளும். டாக்டர் தினமும் போடச் சொன்ன தடுப்பு இன்ஹேலர் இருந்தால், "இப்போது நன்றாகத்தானே இருக்கிறாள்" என்று இந்த மூன்று மாதத்தில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நிறைய வீடுகளில் நடப்பது இதுதான். பேசும்போது ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால், விலா எலும்புக்கு நடுவே சதை உள்வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், வீட்டில் ஆவி பிடித்துக்கொண்டு நேரம் கடத்தாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

ஓட்டம், சைக்கிள், கராத்தே, எது இருந்தாலும் விடிகாலையிலிருந்து சாயங்காலம் நான்கு மணிக்கு மாற்றுங்கள். வெயில் பட்டாலும் பரவாயில்லை, கடல் காற்று அடிக்கிற நேரம் நம் ஊரின் சுத்தமான நேரம். பெரியவர்களின் நடைப்பயிற்சிக்கும் இதையே சொல்வேன், முக்கியமாக இதயக் கோளாறு இருப்பவர்களுக்கு. ஐந்து மணிக்கு எழுந்து நடப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் தை, மாசியில் அந்த நேரத்தில் போனால் புகையைத்தான் இழுத்துவிட்டு வர வேண்டியிருக்கும்.

வீட்டில் ஒரே ஒரு அறையைப் புகை புகாத அறையாக்குங்கள். முழு வீட்டையும் அடைக்க முடியாது. நம் வீடுகளில் ஜன்னலுக்கு மேலே வென்டிலேட்டர் ஓட்டை திறந்தே இருக்கும், அதை மறந்துவிட்டு ஜன்னலை மட்டும் சாத்துவோம். மகள் படுக்கும் அறையில் அதைக் கண்ணாடியோ பாலிதீனோ வைத்து அடைத்து, படுக்கப்போகும்போது ஜன்னலைச் சாத்திவிட்டு, ஒன்பது பத்து மணிக்கு எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். பங்குனிப் புழுக்கத்தில் ஏசி இல்லாமல் ராத்திரி முழுக்க மூடிவைப்பது குழந்தைக்கு வேறு துன்பம். அப்படியானால் மூன்று நான்கு மணிக்கு எழுந்து சாத்தினால் போதும். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே இழுப்பதில்லை, அது நல்லது. ஆனால் அதன் வலை நுண்துகளைப் பிடிக்காது. நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வைத்த சுத்திகரிப்பான் வாங்க வசதி இருந்தால், பெட்டியில் சி.ஏ.டி.ஆர். என்ற எண்ணைப் பாருங்கள். மணிக்கு எவ்வளவு காற்றைச் சுத்தம் செய்து தரும் என்பது அது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்றால் சுமார் 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து தடவை காற்று சுற்ற வேண்டுமென்றால் அந்த எண் மணிக்கு 170 கன மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருப்பதை வாங்கிப் பெரிய பலன் இல்லை. ஓசோன் விடுகிறது, அயனி விடுகிறது என்று விளம்பரம் செய்வதை இளைப்புள்ள வீட்டில் நுழையவிடாதீர்கள்.

கதவை எல்லாம் சாத்திவிட்டு உள்ளே கொசுவத்திச் சுருள் ஏற்றினால் செய்தது அத்தனையும் வீண். ஒரு சுருள் எரிந்து முடிகையில் வெளிவிடும் நுண்துகள் 75-லிருந்து 137 சிகரெட் வரைக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஒரு ஆய்வு அளந்து சொன்னது. கொசுவலை கட்டுங்கள். சாமி அறையில் ஊதுபத்தியைக் கதவு திறந்த நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். பிள்ளைக்குத் தலை குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டுவது நம் பாட்டிமார் அன்போடு செய்து வந்தது, அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் மூச்சுத் தொந்தரவு இருக்கிற குழந்தைக்கு அது வேண்டாம், துண்டால் துவட்டி உலர்த்தினால் போதும்.

முகத்தில் ஈரத்துண்டோ துணி மாஸ்க்கோ கட்டுவது புகைக்கு உதவாது. கண்ணுக்குத் தெரியும் கரியைத்தான் அது தடுக்கும். என்-95 உதவும், கன்னத்தோடு ஒட்டி உட்கார்ந்தால். பெரியவர்கள் அளவு மாஸ்க் எட்டு வயதுக் குழந்தையின் முகத்தில் ஓரமெல்லாம் இடைவெளி விடும், ஆகவே சிறுவர் அளவு தேடி வாங்குங்கள். வேன் வரும்வரை போட்டிருந்தால் போதும்.

தீ வைப்பவர்களிடம் என்ன சொல்வது என்பது கடினமான பகுதி. விவசாயியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆலையின் வெட்டு உத்தரவுக்குக் காத்திருந்து, ஆள் கிடைக்காமல் அலைந்து, கடைசியில் மிச்சமிருப்பதைக் கொளுத்துகிறவருக்கு மாற்று வழி கையில் எட்ட வேண்டும். சோகையைத் தூளாக்கி வயலிலேயே பரப்பினால் களை அடங்கும், ஈரம் நிற்கும். பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண்ணுக்கு அது ரொம்பவே தேவை. எரித்தால் சோகையில் இருக்கும் தழைச்சத்தில் பெரும்பங்கு புகையோடு போய்விடும், அதையே பிறகு யூரியாவாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். தூளாக்கும் இயந்திரமும் வைக்கோல் கட்டும் இயந்திரமும் வாடகைக்கு ஊருக்கு ஊர் கிடைக்கிற மாதிரி செய்தால் பாதித் தீ தானாகக் குறையும். உங்கள் உறவிலோ பழக்கத்திலோ கரும்பு போட்டவர் இருந்தால், இந்த வருடம் ஒரு அரை ஏக்கரில் எரிக்காமல் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சட்டத்தைக் காட்டி மிரட்டுவதைவிட அதற்கு மரியாதை அதிகம்.

குப்பை எரிப்பதில் நான் அவ்வளவு இளகுவதில்லை. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே திறந்த வெளியில் குப்பை எரிப்பதைத் தடை செய்தன. அதே வருடம் டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் என்று இழப்பீடு வசூலிக்க உத்தரவிட்டது. தெருவில் எரிப்பவர் பல சமயம் "காலையில் இடம் சுத்தமாக இருக்க வேண்டும்" என்று சொல்லி அனுப்பப்பட்ட துப்புரவுத் தொழிலாளி. அவரிடம் சண்டை போடாதீர்கள், பாவம், அந்தப் புகையை முதலில் குடிப்பவரே அவர்தான். அவருக்கு மேலே இருக்கிற மாநகராட்சி அலுவலகத்துக்கு எழுதுங்கள். கிடங்கே பற்றிக்கொண்டால் 101-க்குப் போன் செய்யுங்கள்.

புகாரில் "எப்போதும் புகை" என்று எழுதினால் பதில் வராது. என்ன தேதி, எத்தனை மணி, புகை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, என்ன வாசனை, ஒரு போட்டோ, இவ்வளவு போதும். ஒரு பழைய நோட்டில் தினம் ஒரு வரி எழுதி வாருங்கள். அதே வரியில் மகளின் இருமல் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, அவசர இன்ஹேலர் எத்தனை தடவை போட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை குழந்தைகள் டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டைக் கையில் எடுத்துப் போங்கள். தடுப்பு மருந்தின் அளவை இந்த மாதங்களுக்கு மட்டும் கூட்ட வேண்டுமா, இப்போது இருப்பதே போதுமா என்று அவர் அதைப் பார்த்து முடிவு செய்வார்.